சன்னாசிக்கு முதல் மைக் கொடுத்தவர்

நம்மிடையே ஓர் இனம் இருக்கிறது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அதற்குத் தனிக் கட்டம் கிடையாது. ஆனால் எந்தத் தாமானில் வீடு வாங்கிக் குடியேறினாலும் மூன்றாவது வீட்டுக்குள் ஒருவர் இருப்பார். ‘அப்பவே தெரிந்தவர்’ என்று பெயர் வைத்துக்கொள்வோம். யாராவது ஜெயிக்கிற வரை இவர் வெளியே தெரிய மாட்டார். தோற்றுக்கொண்டிருப்பவனை இவருக்குத் தெரியவே தெரியாது. ஆனால் நம் பிள்ளை ஒருத்தி ஓட்டப்பந்தயத்தில் தங்கம் வாங்கட்டும், நம் பையன் ஒருவன் விமானம் ஓட்டட்டும், மறுநாள் காலை ரொட்டி சானாய் கடையில் இவர் நாற்காலியை இரண்டு காலில் நிறுத்திச் சாய்ந்துகொண்டு, தே தாரிக்கை ஊதி ஆற்றியபடி, “யாரு, அந்தப் பிள்ளையா? இடுப்புல தூக்கிட்டுத் திரிஞ்சிருக்கேன் லா” என்பார். விமானிக்கு சைக்கிள் பழக்கிவிட்டவர் இவர். டாக்டர் ஆனவளை ‘சயின்ஸ் எடு’ என்று சொன்னவரும் இவர்தான்.

ஆதாரம் கேட்பீர்களா? தாராளமாகக் கேளுங்கள். போட்டோ இருந்தது, வெள்ளத்தில் போய்விட்டது. கடிதம் இருந்தது, கரையான் தின்றுவிட்டது. போன் நம்பர்கூட இருந்தது, அந்தப் போன் கழிவறையில் விழுந்துவிட்டது. இந்த இனத்தார் வீட்டுக்கு மட்டும் எத்தனை வெள்ளம், எத்தனை கரையான்!

புக்கிட் செந்தோசாவில், சூராவ் தொழுகைக்கூடம் தாண்டி மூலை வீட்டில் இருக்கும் தேவதாஸ் இந்த இனத்தின் குறையற்ற மாதிரி. வயது நாற்பத்தொன்பது. ரவாங்கில் பெயிண்ட் டின்னுக்கு மூடி செய்யும் தொழிற்சாலை ஒன்றில் ஸ்டோர் மேற்பார்வையாளர். நல்ல மனிதர். யாருக்கும் கெடுதல் நினைக்கத் தெரியாதவர். கோல சிலாங்கூர் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் பிறந்து, இருபத்துநான்கு வயதில் அங்கே இளைஞர் மன்றத்துக்குச் செயலாளராக இருந்தவர். அந்தப் பதவியின் நியமனக் கடிதத்தை இன்றும் கண்ணாடிச் சட்டம் போட்டு வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறார். கரையான் தொடாத ஒரே காகிதம் அது.

இவருடைய வாழ்க்கை அமைதியாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் சன்னாசி ‘பெரட்டு’ வெளியிட்டார்.

சன்னாசி அதே தோட்டத்துக்காரர். நாற்பத்தைந்து வயது ராப்பர். இருபத்தைந்து வருடமாக விடாமல் பாடுகிறார். முதல் ஆல்பம் கேசட்டில் வந்து, கேசட் ஒழிந்தபோது சேர்ந்தே ஒழிந்தது. இரண்டாவது சிடியில் வந்தது. அதை வாங்கியவர்கள் கார் கண்ணாடியில் தொங்கவிட்டார்கள். மூன்றாவதும் நான்காவதும் வந்ததே பாதிப் பேருக்குத் தெரியாது. இடையில் பதினோரு வருடம் உர லோரி ஓட்டினார். ஐந்தாவதுதான் ‘பெரட்டு’. விடியற்காலையில் தோட்டத்து ஆட்களை வரிசையில் நிறுத்தி மண்டோர் பேர் கூப்பிடுவாரே, அந்தப் பெரட்டு. ஒன்பது பாட்டு. அதில் ஒரு பாட்டு முழுக்க வெறும் பெயர்கள்தான், கேட்டால் மயிர்க்கூச்செறியும்.

வந்த ஒரு மாதத்தில் நாடே பேசியது. வானொலிக்காரர்கள் விடாமல் போட்டார்கள். மலாய்ப் பத்திரிகை ஒன்று முழுப்பக்கம் எழுதியது. சென்னையில் யாரோ ஒருவர் நாற்பது நிமிட வீடியோ போட்டு, அதில் பன்னிரண்டாவது நிமிடத்திலிருந்து அழுதார். பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒருவர் அதைப் பற்றிக் கட்டுரை வாசித்தார். அவருக்கும் அழுகை வந்திருக்கும், அடிக்குறிப்பு இருந்ததால் சமாளித்துக்கொண்டார்.

தேவதாஸ் விழித்துக்கொண்டார்.

முதல் வாரம் அடக்கமாகத்தான் ஆரம்பித்தது. இனாயத்துல்லா கடையில், ரொட்டியைப் பருப்புக் குழம்பில் தோய்த்தபடி, “சன்னாசியா? நம்ம தோட்டத்துப் பையந்தான் பாய்” என்றார். அவ்வளவுதான். இரண்டாவது வாரம், “அவனுக்கு மொத மொதல்ல மைக் குடுத்ததே நாந்தான், தெரியுமா?” என்றார். மூன்றாவது வாரம், “சன்னாசின்னு பேரு வச்சுக்கிட்டு எப்படிண்ணே பாடறதுன்னு அழுதான். ‘பேரை மட்டும் மாத்தாதடா, அதுலதான் இருக்கு உன் அதிர்ஷ்டம்’னு சொன்னேன்” என்றார். நான்காவது வாரம் தேவதாஸ் கண்ணை மூடிக்கொண்டார். பெரிய விஷயம் வரப்போகிறது என்று கடையில் எல்லோருக்கும் தெரிந்தது.

“பெரட்டுங்கற டைட்டிலே நான் குடுத்தது, பாய்.”

இனாயத்துல்லா கடையநல்லூர்ப் பரம்பரை. முப்பது வருடமாகக் கடை நடத்துகிறவர். பொய்யின் கொதிநிலையைத் தேத்தண்ணீரின் கொதிநிலை போலவே அறிந்தவர். “அப்ப பாட்டு எழுதினது மட்டும் அவருதானா அண்ணே?” என்று கேட்டார்.

“அது அவன்தான்” என்றார் தேவதாஸ் பெருந்தன்மையாக. “திறமை இருக்கு. இல்லன்னு நான் சொல்ல மாட்டேன்.”

ஆல்பத்தைக் கேட்டாரா என்று கேட்கிறீர்களா? வேலைக்குப் போகும் வழியில் இரண்டரைப் பாட்டு கேட்டார். கொஞ்சம் வேகம் அதிகம் என்று பட்டது. நிறுத்திவிட்டுப் பழைய பாட்டுக்குப் போய்விட்டார். பெற்ற தாய் பிள்ளையின் பரீட்சைத் தாளையெல்லாம் படித்துக்கொண்டா இருப்பாள்?

இதெல்லாம் கடையோடு நின்றிருந்தால் யாருக்கும் நட்டமில்லை. ஆனால் தேவதாஸுக்கு ரூபினி என்று ஒரு மகள் இருந்தாள். வயது இருபது. கல்லூரியில் ஊடகத்துறை படிக்கிறாள். அவள் ‘பெரட்டு’வை இரண்டரைப் பாட்டு அல்ல, இருநூறு தடவை கேட்டிருந்தாள். அப்பா சொல்வதைக் கடையில் இருந்தவர்கள் சிரித்துக்கொண்டு கேட்டார்கள் என்றால், அவள் நம்பிக்கொண்டு கேட்டாள். அங்கேதான் கோளாறு.

“ப்பா, சூப்பர் நியூஸ்” என்று ஒரு நாள் வந்தாள். “ஃபைனல் அசைன்மெண்ட்டுக்கு இண்டர்வியூ பண்ணணும். நான் சன்னாசி பேரைக் குடுத்துட்டேன். லெக்சரர் நம்பவே இல்ல. ‘அவரு யாருக்கும் இண்டர்வியூ குடுக்கறதில்ல, நீ எப்படி?’ன்னு கேட்டாங்க. எங்கப்பா குளோஸ் பிரண்டுன்னு சொல்லிட்டேன்.”

தேவதாஸின் வாயில் இருந்த முறுக்கு அப்படியே நின்றது.

“வேற யாரையாச்சும் பண்ணலாமே ம்மா. கவுன்சிலர் இருக்காரு…”

“சீரியஸ்லி, ப்பா? நான் கன்ஃபர்ம் பண்ணிட்டேன். மாத்த முடியாது. நாப்பது மார்க் அதுக்குத்தான்.”

அடுப்படியிலிருந்து மனைவி மோகனா எட்டிப் பார்த்தார். இருபத்திரண்டு வருடமாக இவரோடு குடும்பம் நடத்துகிறவர். “அஞ்சு வருஷமா நம்ம வீட்டுக் கொழாய் சரி பண்ண வர்ற ஆளோட நம்பரே உங்கப்பாகிட்ட இல்ல. சன்னாசி நம்பர் இருக்கப்போவுதா?” என்று கேட்டுவிட்டுத் தாளிப்பைக் கவனிக்கப் போய்விட்டார்.

“நம்பர் எதுக்கு?” என்றார் தேவதாஸ். குரல் மட்டும் தைரியமாக இருந்தது. “அடுத்த மாசம் கோல சிலாங்கூர்ல அவன் ஷோ இருக்குல்ல? நேர்ல போவோம். என் பேரைச் சொன்னா போதும்.”

அன்று மாலையே சுங்கை புரோங்கில் இருக்கும் பழைய நண்பர் பாலனைக் கூப்பிட்டார். பாலன் அந்தக் காலத்து மன்றப் பொருளாளர். இப்போது அறுவடை இயந்திரம் ஓட்டுகிறார். சன்னாசியின் நம்பர் அவரிடம் இருக்கலாம்.

“பாலா, சன்னாசிய ஒருக்கா பாக்கணும். நமக்குத் தெரிஞ்ச பையந்தானே…”

“யாரு, நீயா? நீ சன்னாசிய பாக்கப் போறியா?” என்றார் பாலன். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். போன் பழுதாகிவிட்டதோ என்று தேவதாஸ் காதிலிருந்து எடுத்துப் பார்க்கும் அளவுக்கு நீண்ட சிரிப்பு. “உனக்கு நெசமாவே ஞாபகம் இல்லியா தேவா? போ போ, கண்டிப்பா போ. போயிட்டு வந்து எனக்குச் சொல்லு.”

நம்பர் கொடுக்காமலே வைத்துவிட்டார். பொறாமை என்று தேவதாஸ் முடிவு கட்டினார். இந்த இனத்தாருக்குப் பிறருடைய சிரிப்பெல்லாம் பொறாமையாகத்தான் கேட்கும்.

நிகழ்ச்சி ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணிக்கு. அப்பாவும் மகளும் மைவி காரில் பெஸ்தாரி ஜெயா வழியாகப் போனார்கள். வழியெல்லாம் ரூபினி கேள்வித்தாளைப் படித்துக் காட்டினாள். பதினெட்டுக் கேள்விகள். நான்காவது கேள்வி: ‘உங்களுக்கு முதல் மைக் கொடுத்த திரு தேவதாஸ் அவர்களைப் பற்றிச் சொல்லுங்கள்.’ தேவதாஸ் குளிர்சாதனத்தைக் கூட்டி வைத்தார்.

மண்டபத்தில் இடமில்லை. இளவட்டங்கள், அவர்களைப் பெற்றவர்கள், தூக்கி வந்த கைக்குழந்தைகள், எல்லோர் சட்டையிலும் ‘பெரட்டு’. சன்னாசி மேடைக்கு வந்தார். குட்டையான மனிதர், முன் வழுக்கை, லோரிக்காரரின் புஜம். வணக்கம் சொல்லவில்லை. மைக்கை வாயருகே வைத்துப் பெயர்களைக் கூப்பிட ஆரம்பித்தார். முனியாண்டி. அஞ்சலை. கோவிந்தன். பாக்கியம். தாளம் ஒரு பெயருக்கு ஒன்றாக விழுந்தது. கூட்டம் ஒவ்வொரு பெயருக்கும் “இருக்கேன்!” என்று கத்தியது. “பேரு நோட்டுல, காலு ரோட்டுல, யாரு போட்டது கணக்கு?” என்று அவர் பாய்ந்தபோது ரூபினி நாற்காலி மேல் ஏறிவிட்டாள். தேவதாஸுக்கே உடம்பு சிலிர்த்தது. நம்ம பையன் என்று நினைத்துக்கொண்டார். உண்மையாகவே நினைத்தார். கண்ணோரம் கொஞ்சம் ஈரம்கூட.

பாட்டு முடிந்ததும் சன்னாசி தண்ணீர் குடித்துவிட்டு மேடை விளிம்பில் உட்கார்ந்தார்.

“இந்தப் பேரு எப்படி வந்துச்சுன்னு எல்லாரும் கேக்கறாங்க. சொல்றேன். எனக்கு இருவது வயசு. எங்க தோட்டத்து இளைஞர் மன்றம் ஆண்டு விழா. மத்தியானம், தகரக் கூரை, உள்ள அடுப்பு மாதிரி இருக்கு. வாழ்க்கையில மொதல் தடவையா மைக் புடிக்கிறேன். ரெண்டாவது பாட்டு ஆரம்பிக்கிறேன், மன்றச் செயலாளரு மேடை ஏறி வந்து, கையில இருந்து மைக்கப் புடுங்கிட்டாரு.”

கூட்டம் ‘ஓ’வென்றது.

“புடுங்கிட்டு, அதே மைக்ல, தோட்டமே கேக்கச் சொன்னாரு: ‘தம்பி, இது பாட்டா லா? மண்டோர் பெரட்டுல பேரு கூப்பிடற மாதிரி இருக்கு!’ எல்லாரும் சிரிச்சாங்க. ரொம்ப வருஷம் அத மறக்கப் பாத்தேன். அப்புறம் லோரி ஓட்டறப்ப ஒருநாள் தோணுச்சு, அவரு சொன்னது சரிதான். எங்க அப்பா பேர, அம்மா பேரச் சத்தமா சொன்ன ஒரே எடம் அந்தப் பெரட்டுதான். அதுக்குத் தாளம் போட்டா என்ன?”

சிரிப்பும் கைதட்டலும் கூரையைத் தூக்கின. எஃப் வரிசையில் ஒருவர் மட்டும் தட்டவில்லை.

தேவதாஸுக்கு எல்லாம் ஒன்றாகத் திரும்பி வந்தது. தகரக் கூரையின் வெக்கை வந்தது. வியர்வையில் வழுக்கிய மைக் வந்தது. அந்த மைக் தன் கைக்கு வந்ததை அவர் இத்தனை வருடமும் மறக்கவில்லை. கொடுத்தோமா, பிடுங்கினோமா என்ற ஒரு சின்ன விவரத்தை மட்டும் மனசு தன் வசதிக்குத் திருத்தி வைத்திருந்தது. இனாயத்துல்லா கடையில் சொன்ன நான்கு வாரப் பொய்யில் மிகப் பெரிய பொய் எதுவோ, அது ஒன்றுதான் உண்மை. டைட்டில் அவர் கொடுத்ததேதான்.

பக்கத்தில் ரூபினி கைதட்டுவதை நிறுத்தியிருந்தாள். கூடத்துச் சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் இருக்கும் கடிதத்தை அவள் பிறந்ததிலிருந்து பார்க்கிறாள்.

“ப்பா,” என்றாள் மெதுவாக. “மன்றத்துக்கு எத்தனை செயலாளர்?”

“வயிறு ஒரு மாதிரி இருக்கு ம்மா. கெளம்பலாமா?”

“எனக்கு நாப்பது மார்க் இருக்கு” என்றாள் ரூபினி. எழுந்து போய்விட்டாள்.

நிகழ்ச்சி முடிந்து, கையெழுத்து வாங்க வரிசை நின்றது. அதில் ரூபினி தனியாகப் போய் நின்றாள். தேவதாஸ் ஓர் ஆள் உயரப் பதாகைக்குப் பின்னால் நின்றார். அந்தப் பதாகையில் சன்னாசியின் முகம் இருந்தது. அதன் காதுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார். காரை எடுத்துக்கொண்டு போய்விடலாம். மகளைத் தனியாக விட்டுவிட்டா? சாவியைத் திரும்பப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

வரிசையில் அவள் முறை வந்தது. அவள் ஏதோ சொன்னாள். சன்னாசி தலையை ஆட்டி மறுப்பது தெரிந்தது. அவள் மறுபடியும் ஏதோ சொன்னாள், தலை குனிந்தபடி. சன்னாசியின் பேனா நின்றது. நிமிர்ந்து மண்டபத்தைச் சுற்றிப் பார்த்தார். பார்வை பதாகையின் காதருகே வந்து நின்றது.

“செயலாளரே!” என்ற சத்தம் மைக் இல்லாமலே எல்லா மூலைக்கும் போனது. “வெளிய வாங்க. நாந்தான் வழுக்கை ஆயிட்டேன், நீங்க அப்படியே இருக்கீங்க.”

தேவதாஸ் வந்தார். பத்தடி தூரம், பத்து மைல் போலிருந்தது. ரூபினி போனில் ஒலிப்பதிவை முடுக்கி மேசையில் வைத்தாள். பதினெட்டுக் கேள்விகள் எழுதிய தாளை மடித்துப் பைக்குள் போட்டாள். திரும்பி, சன்னாசியைக் கேட்கவில்லை, அப்பாவைக் கேட்டாள்.

“ஏன் மைக்கப் புடுங்கினீங்க, ப்பா?”

வாழ்நாளில் முதன்முறையாகத் தேவதாஸ் கையில் ஒரு சாக்கும் இல்லை. வெள்ளம் இல்லை, கரையான் இல்லை.

“அடுத்தது நான் பாடறதா இருந்துச்சு” என்றார். “ரெண்டு மாசமா ஒரு பாட்டு பழகி வச்சிருந்தேன். புதுச் சட்டைகூட தச்சிருந்தேன். இவரு மொதல் பாட்டு பாடினதும் ஜனம் எழுந்து நின்னு தட்டுச்சு. பொம்பளைங்க, ஆபீஸ் கிராணி, எல்லாரும். இதுக்கப்புறம் நான் போயி நின்னா யாரு தட்டுவா? எனக்குப் பொறுக்கல.”

சன்னாசி பேனா மூடியைத் திறந்தார், மூடினார்.

“தட்டினாங்களா?” என்று கேட்டார்.

“நல்லா தட்டினாங்க.”

“எனக்கு அது ஞாபகமே இல்ல, அண்ணே. சிரிச்சதுதான் ஞாபகம் இருக்கு.” நாற்பத்தைந்து வயது முகம் சட்டென்று இருபதுக்குப் போய்வந்தது. “அன்னிக்கு மோசமாப் பாடினேன்னுதான் இத்தன வருஷமும் நெனச்சிட்டு இருந்தேன். ஒவ்வொரு மேடை ஏறறப்பவும்.”

“இல்ல. ரொம்ப நல்லா பாடினீங்க” என்றார் தேவதாஸ். ‘நீங்க’ என்று அவர் சன்னாசியைச் சொன்னது அதுதான் முதல் தடவை. பிறகு, மிகவும் கஷ்டப்பட்டு, “மன்னிச்சிடுங்க” என்றார்.

சன்னாசி நாற்காலி ஒன்றை இழுத்து ரூபினிக்குப் போட்டார். “உக்காரும்மா. எத்தனை கேள்வி வச்சிருக்க? பதினெட்டா? எல்லாத்தையும் கேளு.”

திரும்பும் வழியில் பெஸ்தாரி ஜெயா பாலம் தாண்டியதும் ரூபினி, “எனக்கு உங்க மேல ரொம்பக் கோவம், ப்பா” என்றாள். சற்றுப் பொறுத்து, “ஆனா கடைசியில சொன்னீங்கல்ல” என்றாள். வானொலியைப் போட்டாள். அவருக்குப் பிடித்த பழைய பாட்டு அலைவரிசை. அவளாகவே வைத்தாள்.

கதை இங்கே முடிந்திருந்தால், திருந்திய மனிதர் என்று தேவதாஸை நாம் வாழ்த்திவிட்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். ஆனால் இனம் என்று ஒன்று இருக்கிறதே.

பத்து நாள் அவர் இனாயத்துல்லா கடைப் பக்கமே போகவில்லை. பதினோராவது நாள், ரூபினியின் பேட்டி ‘மைக்கைப் பிடுங்கியவர்’ என்ற தலைப்பில் கல்லூரி இதழில் வந்தது. நாற்பதுக்கு முப்பத்தெட்டு மார்க். தேவதாஸ் அதைத் தாமான் வாட்சாப் குழுவுக்கும், தொழிற்சாலைக் குழுவுக்கும், பாலனுக்கும், குழாய்க்காரரின் நம்பரைத் தேடிப் பிடித்து அவருக்கும் அனுப்பினார். மேலே ஒரு வரி எழுதியிருந்தார்: ‘என்னைப் பற்றி வந்த கட்டுரை.’

மறுநாள் காலை கடையில் வழக்கமான நாற்காலி, இரண்டு காலில் நின்றது.

“யோசிச்சுப் பாருங்க பாய்” என்றார், கண்ணை மூடிக்கொண்டு. “அன்னிக்கு நான் மட்டும் மைக்கப் புடுங்காம இருந்திருந்தா? அவனும் ரெண்டு பாட்டப் பாடிட்டு, கைதட்டு வாங்கிட்டு, வேலைக்குப் போயிருப்பான். ‘பெரட்டு’ வந்திருக்குமா?”

இனாயத்துல்லா அவரையே சற்று நேரம் பார்த்தார். வழக்கமான குத்தல் கேள்வி வரும் என்று கடை காத்திருந்தது. அவரோ தோளில் கிடந்த துண்டை எடுத்து, சுவரோர மேசையைத் துடைக்க ஆரம்பித்தார்.

“லோரி ஓட்டின காலத்துல சன்னாசி இங்கதான் அண்ணே பசியாறுவாரு” என்றார். “இந்த மேசைதான். மொகத்தப் பாத்ததுமே நான் அப்பவே சொன்னேன்…”

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். நமக்கெல்லாம் இந்த வியாதி கிடையாது, இல்லையா? ‘பெரட்டு’வை ஊரே கொண்டாடிய வாரத்தில், “என்ன இருந்தாலும் அவரோட பழைய ஆல்பம் மாதிரி வராது” என்று அலுவலகத்தில் சொன்னது யாரோ. அந்தப் பழைய ஆல்பத்தை அதற்கு முந்தின நாள் ராத்திரிதான் தேடிக் கேட்டதும் வேறு யாரோ. சரி, விடுங்கள். இதைப் படித்து முடித்துவிட்டீர்கள். பக்கத்தில் இருப்பவரின் முழங்கையைத் தொட்டு, “புக்கிட் செந்தோசா தேவதாஸ்தானே? எனக்கு நல்லாத் தெரியும்” என்று சொல்ல வாய் திறக்கிறீர்கள் பாருங்கள்.

மூடிக்கொள்ளுங்கள். அவர் நான் கற்பனையில் செய்த ஆள்.